அடுப்பங்கரையில் வடிக்கும் மயக்கச் சாறு

ஊமத்தையை அறியாத கிராமம் நம் நாட்டில் அரிது. குப்பைமேட்டிலும், இடிந்த சுவரோரத்திலும், இரயில் பாதையின் சரளைக் கற்களுக்கிடையிலும் எவரும் விதைக்காமலே முளைத்து, ஊதுகுழல் போன்ற மலரை விரித்து, முள் நிறைந்த காயைத் தாங்கி நிற்பது அது. காசியிலே சிவராத்திரியன்று அதன் காயும் மலரும் கடைத்தெருவில் கூடை கூடையாக விற்கப்படுகின்றன. பூசைக்கென அவற்றை வாங்கும் மூதாட்டி, வீட்டுக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கத் தவறமாட்டாள். இவ்வறிவு எந்தப் பாடநூலிலிருந்தும் வந்ததன்று.

இச்செடியின் நஞ்சு பற்றிய எழுத்துச் சான்றும் பழையது. 1563-ஆம் ஆண்டில் கோவாவில் அச்சாகிய தமது நூலில், கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துகீசிய வைத்தியர், திருடர்கள் ஊமத்தையை உணவிற் கலந்து ஊட்டிப் பொருள் கவர்வதைக் குறித்து வைத்தார். 1856-இல் வங்காளத்துக்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் உரிய சட்ட மருத்துவ நூலை இயற்றிய நார்மன் செவர்ஸ், வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை கொடுத்து மயக்கிய கொடியோரைப் பற்றி எழுதினார். ஊமத்தை விதையையும் மிளகாய் விதையையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு என்பது நம் சட்ட மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் கேட்கப்படும் வினாவாகும். ஆக, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஊமத்தை நஞ்சின் கதையில் கொடுப்பவன் ஒருவன், அறியாமல் உண்பவன் வேறொருவன்.

இன்று என்னைக் கவலையில் ஆழ்த்துவது அவ்விருவரும் ஒருவனேயாகிவிட்ட நிலை. சற்றுப் படித்தவன், இரசாயனத்தில் ஆர்வமுள்ளவன், திருடவோ சாகவோ எண்ணாதவன், தன் வீட்டு அடுப்பங்கரையில் தானே சாறு வடித்துத் தானே பருகுகிறான்.

ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் நான் உரையாற்றி முடித்தபின், உயர்நிலைப் பள்ளியில் இரசாயனம் கற்பிக்கும் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். அவருடைய பழைய மாணவன் ஒருவன், வகுப்பில் முதல்வனாக இருந்தவன், நண்பர் இருவருடன் சேர்ந்து ஊமத்தையிலிருந்து ஒரு சாற்றைக் காய்ச்சிச் சுண்ட வைத்திருக்கிறான். மூவரும் சிறிது பருகினர். அரைமணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. சாறு வீரியமற்றது என்று முடிவு செய்து மீண்டும் பருகினர். மறுநாள் காலை அவர்களைக் கண்டவர்கள், விரல் நுனியிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டும், சுவரோடு பேசிக்கொண்டும் இருந்ததாகச் சொன்னார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டனர். மாணவனுக்கு அருகிலுள்ள எழுத்தைப் படிக்கும் பார்வை சரியாகத் திரும்பப் பல நாள் ஆயிற்று. இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த ஆசிரியர், “வடிகட்டுவதையும் ஆவியாக்குவதையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்” என்றார். அவருக்கு என்ன மறுமொழி சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவருக்கு நான் தாமதமாகச் சொல்லும் மறுமொழி.

இத்தகைய இளைஞர்களிடம் பேசிப் பார்த்தால் அவர்கள் முட்டாள்கள் அல்லர் என்பது விளங்கும். அவர்களிடம் ஒரு வாதம் உண்டு. செடி இயற்கையானது; முன்னோர் அறிந்தது; மேலும், இவ்வகைப் பொருள்களையே இன்று மேல்நாட்டு மருத்துவர்கள் மனநோய்க்கு மருந்தாக ஆராய்கின்றனர். கடைசியாகச் சொன்னது உண்மையே. சிலவகைக் காளான்களில் உள்ள சைலோசைபின் என்னும் பொருளைக் கடும் மனச்சோர்வு நோய்க்குப் பயன்படுத்திப் பார்க்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநோய் மருத்துவர்கள் அதை வரையறுத்த நோயாளிகளுக்கு வழங்கலாம் என்று விதிக்கப்பட்டது. ஆனால் அங்கே நோயாளிக்குக் கொடுக்கப்படுவது காளான் அன்று; காளானின் சாறும் அன்று. தூய பொருள், மில்லிகிராம் கணக்கில் நிறுத்து அடைத்த உறை. இருதய நோய், குடும்பத்தில் சித்தப்பிரமை, உண்ணும் பிற மருந்துகள் யாவும் முன்கூட்டியே விசாரிக்கப்படுகின்றன. அச்செய்தியைப் படித்துவிட்டுக் கையில் கரண்டியோடு அடுப்பங்கரைக்குச் செல்பவன், செய்தியின் பாதியை மட்டுமே படித்தவன். மேலும், சைலோசைபின் பற்றிய செய்தியை வைத்து ஊமத்தையைத் தொடுவது, இரண்டும் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லில் அடங்குவதால் நேரும் குழப்பம். ஊமத்தையின் பொருள்கள் முற்றிலும் வேறு இனத்தவை. அவை தருவது காட்சியின்பம் அன்று. சுரவேகத்தில் பிதற்றுபவனின் நிலை.

தூய பொருளும் துல்லியமான தராசும் கையிலிருந்தவர்களே தவறியிருக்கின்றனர் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டும். அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்த ஜெர்மானியர் செர்ட்டூர்னர், அதைத் தாமும் உட்கொண்டு மூன்று இளைஞர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். சிறு இடைவெளி விட்டு மும்முறை உட்கொண்டனர். நால்வரும் நஞ்சுண்ட நிலைக்கு ஆளாகி, வினிகரைக் குடித்து வாந்தியெடுக்க நேர்ந்தது. 1817-இல் அவரே இதை வெளியிட்டார். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன், 1938-இல் தாம் ஆக்கிய எல்.எஸ்.டி. என்னும் பொருளை 1943 ஏப்ரல் 19-ஆம் நாள் தம்மிடமே சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது ஒரு மில்லிகிராமில் காற்பங்கு. அறியப்பட்ட எந்தச் சேர்மமும் இவ்வளவு சிறிய அளவில் பெரிதாக வேலை செய்யாது என்பது அவர் கணக்கு. எச்சரிக்கையான தொடக்கம் என்றே எண்ணினார். அவ்வளவோ, விளைவு தோன்றப் போதுமானதைப் போலப் பன்மடங்காக இருந்தது. உதவியாளர் துணையோடு சைக்கிளில் வீடு திரும்பிய அவருக்கு மருத்துவரை அழைக்க வேண்டியதாயிற்று. உலகின் தேர்ந்த இரசாயன அறிஞருள் ஒருவர், தாமே ஆக்கிய தூய பொருளை, தம் கையாலேயே அளந்து, பன்மடங்கு தவறினார். அடுப்பங்கரைச் சாற்றில் எத்தனை மில்லிகிராம் என்று யார் சொல்லக் கூடும்?

அதுவே என் கட்டுரையின் சாரம். செடியில் நஞ்சுள்ளது என்பதை யாவரும் அறிவர். புட்டியில் எவ்வளவு உள்ளது என்பதை வடித்தவனும் அறியான். அறிவதற்கு வீட்டில் வழியும் இல்லை.

ஊமத்தையில் ஹையோசையமின், ஹையோசின், அட்ரோபின் என்னும் ஆல்கலாய்டுகள், அதாவது காரப்போலிகள், உள்ளன. வேர், இலை, விதை ஆகியவற்றில் அவற்றின் அளவு வேறு வேறு. செடியின் வயது, பருவம், மண், இனம் ஆகியவற்றைப் பொறுத்தும் மாறும். ஒரே வரப்பில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகளும் ஒத்திருக்க வேண்டியதில்லை. நான் இளமையில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, ஒரே மேட்டில் பறித்த ஊமத்தை இலைகளை மாணவர்களிடையே பகிர்ந்து ஆல்கலாய்டை மதிப்பிடச் செய்தோம். விடைகள் ஒத்துவரவில்லை. மாணவர்களின் கைத்தவறு என்று எண்ணி அவர்களைக் கடிந்துகொண்டேன். மறுவாரம் நானே ஒவ்வொரு செடியின் இலையையும் தனித்தனியே எடுத்துச் செய்தேன், அப்போதும் ஒத்துவரவில்லை. செடிகளே ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. கடிந்துகொண்டதற்கு அம்மாணவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்பது நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அரசாங்கமே ஆல்கலாய்டு எடுக்கும் இடம் ஒன்றைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் காஸிப்பூரில் 1820 முதல் இயங்கிவரும் அபினித் தொழிற்சாலையை ஆசிரியர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். உரிமம் பெற்ற உழவர், அளந்து கொடுத்த நிலத்தில் கசகசாச் செடியைப் பயிரிடுகிறார். ஒப்படைக்கும் அபினியில் மார்பின் எவ்வளவு என்பது சோதிக்கப்படுகிறது. ஒரே மாவட்டம், ஒரே பருவம், ஒரே தொழிலில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைகள்; எனினும் அங்கே எவரும் கண்ணால் பார்த்து, ‘இதில் இவ்வளவு இருக்கும்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

நம் வேளாண் களப்பணியாளர்களுக்கு அட்ரோபின் அந்நியமான பெயர் அன்று. பயிருக்கு ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி தெளிக்கும்போது அதன் நஞ்சேறி வாயில் நுரை தள்ள ஆஸ்பத்திரிக்கு வரும் உழவரைக் காப்பாற்றுவது இந்த அட்ரோபின்தான். ஊசிமருந்துக் குப்பியில் 0.6 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். மருத்துவர் ஒரு குப்பி செலுத்துகிறார். நாடியையும், நுரையீரலில் நீர்க்கோப்பு குறைவதையும் கவனிக்கிறார். தேவையாயின் மேலும் செலுத்துகிறார். ஒவ்வொரு முறையும் எவ்வளவு உட்சென்றது என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே நஞ்சு அவர் கையில் மருந்தாகிறது. ‘அப்படியாயின் மருந்து தெளித்து மயங்கியவனுக்கு ஊமத்தைச் சாறு கொடுக்கலாமே’ என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடம் நயமாகவே கேட்டார். கூடவே கூடாது. ஒரு நஞ்சின்மேல், அளவு தெரியாத மற்றொரு நஞ்சை ஏற்றுவதாகவே அது முடியும். இக்கேள்வி உங்களிடமும் வரக்கூடும் என்பதால் இங்கே குறிக்கிறேன்.

‘கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும்’ என்பது பரவலான நம்பிக்கை. நம் சமையலில் பல பொருள்களுக்கு அது பொருந்துவதால் எழுந்த நம்பிக்கை இது. ஊமத்தைக்கு அது பொருந்தாது. 1676-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் இடத்துக்குக் கலகத்தை அடக்க வந்த ஆங்கிலப் படைவீரர் சிலர், ஊமத்தை இனத்துச் செடி ஒன்றின் கீரையை வேகவைத்து உண்டனர். பதினொரு நாள் அவர்கள் பித்தர்களாய்க் கிடந்தனர். தெளிந்தபின் நடந்தது எதுவும் நினைவில்லை என்று 1705-இல் ராபர்ட் பெவர்லி எழுதினார். அச்செடிக்கு அவ்வூரின் பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. கொதிநீர் இந்த ஆல்கலாய்டுகளை அழிப்பதில்லை. நீர் சுண்டச் சுண்ட, எஞ்சும் ஒவ்வொரு கரண்டியிலும் நஞ்சின் பங்கு ஏறுகிறது.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செடியிலேயே சில தடைகள் உண்டு. ஊமத்தை விதை கசக்கும், இலை நாறும், நிறைய உண்ண நினைப்பவனை வயிறே தடுக்கும். சாறு எடுப்பவன் முதலில் அகற்றுவது இத்தடைகளைத்தான். பெரிய கூடையில் இருந்ததைச் சிறிய புட்டியில் அடைத்து, சர்க்கரையும் பாலும் சேர்த்துவிட்டால், ‘போதும்’ என்று சொல்ல நாக்கும் இல்லை, வயிறும் இல்லை. அத்துடன், இந்த ஆல்கலாய்டுகள் குடலின் அசைவை மந்தப்படுத்துவன. ஆகவே உட்கொண்டது மெல்ல மெல்லவே இரத்தத்தில் கலக்கும். ‘அரைமணி ஆயிற்று, ஒன்றுமில்லை’ என்று மறுமுறை பருகிய மூன்று இளைஞர்களின் கதை இதனால் விளங்கும்.

சட்டமும் ஓரளவு இதை உணர்ந்தே வகுக்கப்பட்டிருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், கஞ்சாச் செடியின் பூந்தலையையும் பிசினையும் தடுத்து, தனித்த இலையையும் விதையையும் அவ்விளக்கத்திலிருந்து விலக்கியது. வடநாட்டில் ஹோலியன்று அருந்தும் பாங் அதனாலேயே மாநில விதிகளின் கீழ் சில இடங்களில் உரிமக் கடையில் விற்கப்படுகிறது. ஆனால் அந்த பாங்கிலும் வீரியம் கூட்டுவதற்கென்று ஊமத்தை விதையை அரைத்துச் சேர்க்கும் கடைக்காரர் உண்டு. திருவிழா நாள்களில் மருத்துவமனைக்கு வருவோரில் சிலர் உண்மையில் பாங்கினால் வந்தவர் அல்லர். இலைக்குக் காட்டிய இணக்கத்தைச் சட்டம் சாற்றுக்குக் காட்டுவதில்லை. அட்டவணையிலுள்ள ஒரு பொருளைப் பெறும் எந்தச் செய்முறையும், சுத்திகரிப்பும், கலவையாக்கலும் ‘உற்பத்தி’ என்றே அதில் பொருள்படும். 2009-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, தூய பொருளின் எடை மட்டுமன்றிக் கலவையின் முழு எடையும் கணக்கில் எடுக்கப்படும். 2020-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. வணிக அளவைத் தாண்டினால் பத்தாண்டுகளுக்குக் குறையாத கடுங்காவல். விளையாட்டாகத் தொடங்கிய மாணவன் தன் புட்டியின் எடையை இக்கணக்கில் நினைத்துப் பார்த்திருக்கமாட்டான்.

காளான் தேடுவோரைப் பற்றியும் சில வார்த்தைகள். கொடைக்கானல் போன்ற மலைவாசத் தலங்களில் மழைக்காலத்தில் இளைஞர் சிலர் புல்வெளியில் குனிந்து எதையோ தேடித் திரிவதைக் கண்டிருப்பீர்கள். சிறிய பழுப்புக் காளான்களை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்தறிவது, அதற்கெனவே பயின்றவர்களுக்கும் உருப்பெருக்கியும் வித்துத்தூளின் அச்சும் தேவைப்படும் வேலை. அவற்றுள் கலெரினா என்னும் இனத்திலும், வேறு சில பெருங்காளான்களிலும் உள்ள அமாடாக்சின் என்னும் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. உண்டு ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை எவ்விதக் குறியும் காட்டாது. வாந்திபேதி கண்டு, பின் தணிந்ததுபோல் தோன்றி, அதன்பின் கல்லீரலை அழிக்கும். 2022 ஏப்ரலில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளானைக் கறி சமைத்து உண்டு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் போதையைத் தேடியவர் அல்லர். தலைமுறையாகக் காளான் பறித்து உண்டு பழகியவர்கள். அவர்களுக்கே தவறிற்று என்றால், சுற்றுலாவுக்கு வந்த பட்டணத்து இளைஞனின் கண்ணை எதற்கு நம்புவது? பல காளான்களைச் சேர்த்துச் சாறாக்கிவிட்டாலோ, எந்தக் காளான் நஞ்சு என்று பின்னர்க் காணவும் இயலாது.

கம்பு பயிரிடும் வட்டாரங்களில் பணியாற்றுவோர் தேன் ஒழுகல் நோயை அறிவர். அந்நோயின் பூசணம் கதிரில் மணிக்குப் பதிலாக உண்டாக்கும் கரிய உருண்டைகளே எர்காட். விதையை உப்பு நீரிலிட்டு மிதப்பதை அகற்றச் சொல்லி நீங்கள் எத்தனையோ முறை செய்து காட்டியிருப்பீர்கள். ஹாஃப்மனின் எல்.எஸ்.டி., எர்காட்டிலுள்ள ஆல்கலாய்டுகளின் ஆராய்ச்சியிலிருந்தே பிறந்தது என்பது சற்றுப் படித்த இளைஞர்களுக்குத் தெரியும். அதிலிருந்து தாமும் ஏதேனும் பெறலாம் என்ற எண்ணமும் சிலருக்குத் தோன்றும். எர்காட் மக்களுக்குத் தந்தது என்ன என்பதையும் அவர்கள் அறியட்டும். 1975-இல் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் எர்காட் கலந்த கம்பை உண்டவர்கள் குமட்டலும் வாந்தியும் தலைச்சுற்றலும் கண்டு சோர்ந்து கிடந்தனர். ஐரோப்பாவின் ரை தானியத்தில் வரும் எர்காட், இரத்தக் குழாய்களைச் சுருக்கி, கைகால் விரல்கள் கருகி விழச் செய்தது.

சில அலங்காரக் கொடிகளின் விதைகளையும் இவ்வாறு நாடுவோர் உண்டு. கடையில் விற்கும் விதை பெரும்பாலும் விதை நேர்த்தி செய்தது. அதன்மேல் பூசணக்கொல்லி படிந்திருக்கும். சாறு எடுப்பவன் விதையோடு அதையும் சேர்த்தே எடுக்கிறான். இதை எடுத்துச் சொல்ல நம் விதை ஆய்வாளர்களைவிடத் தகுந்தவர் யார்?

சாறு எடுக்கப் பயன்படுத்தும் திரவங்களும் காரங்களும் வேறு. பெட்ரோல் போன்றவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் அடுப்பை எட்டிப் பற்றிக்கொள்ளும். சன்னலைச் சாத்திக்கொண்டு மறைவாகச் செய்யும் வேலையில் இந்த அபாயம் இரட்டிக்கும். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வை போகும். அலுமினியப் பாத்திரத்தில் பட்டால் எரியும் வாயுவான ஹைட்ரஜனைக் கிளப்பும். நம் வீடுகளில் அலுமினியப் பாத்திரமே மிகுதி. தொழிற்சாலைச் சாராயத்தில் மெத்தனால் இருந்தால், மணத்தாலோ சுவையாலோ அறிய முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது அதுவே. ‘ஆவியாக்கிவிட்டேன், ஒன்றும் மிச்சமில்லை’ என்று சொல்பவனிடம், மிச்சமில்லை என்பதை எவ்வாறு அறிந்தாய் என்று கேளுங்கள்.

இவற்றையெல்லாம் வெளிப்படையாகப் பேசலாமா என்பதில் நம் துறையினரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பேசினால் அறியாதவனுக்கும் வழி காட்டியதாகும், ஆகவே மௌனமே நன்று என்பது ஒரு சாரார் கொள்கை. நான் மதிக்கும் மூத்த நண்பர் ஒருவரும் அவ்வாறே கருதுகிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அக்கட்சியில் இருந்திருப்பேன். இன்று இளைஞன் ஒருவன் கைத்தொலைபேசியில் அரைமணி நேரத்தில் திரட்டும் செய்முறைகளை நம் மௌனம் தடுக்கப் போவதில்லை. அங்கே அவனுக்குக் கிடைக்காதது ஒன்றே: அளவைப் பற்றிய நேர்மையான பேச்சு. செய்முறையை நாம் விளக்க வேண்டியதில்லை, விளக்கவும் கூடாது. முடிவில் கிடைக்கும் புட்டியைப் பற்றி ஏன் எவரும் ஒன்றும் அறிய முடியாது என்பதை விளக்க வேண்டும். இவ்விரண்டும் வேறு வேறு.

மண்டையோடு வரைந்த சுவரொட்டிகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாம் ஒன்றே, எல்லாம் மரணமே என்று அவை கூவுகின்றன. பாங் அருந்திய தன் மாமன் மறுநாள் வயலுக்குச் சென்றதைக் கண்ட சிறுவன், நாம் சொல்லும் மற்றவற்றையும் நம்பாமல் விட்டுவிடுகிறான். ஊமத்தை வேறு, காளான் வேறு, பாங் வேறு என்று பிரித்துச் சொல்பவரையே அவன் கேட்பான்.

அந்த இரசாயன ஆசிரியருக்கு நான் பின்னர் ஒரு சிறு பாடத்தை எழுதி அனுப்பினேன். ஐந்து குவளை நீரில் வெவ்வேறு அளவு சமையல் உப்பைக் கரைத்து, மாணவர்களிடம் கொடுத்து, நாவினால் ருசி பார்த்து ஒவ்வொன்றிலும் எத்தனை கிராம் என்று எழுதச் சொல்லவேண்டும். பின்னர் ஒவ்வொரு குவளையிலிருந்தும் சிறிதளவைத் தனித்தனியே ஆவியாக்கி, எஞ்சிய உப்பை நிறுத்துக் காட்டவேண்டும். நாள்தோறும் உண்ணும் உப்பிலேயே நாக்கு எவ்வளவு தவறுகிறது என்பதை அவர்கள் தம் கையெழுத்திலேயே காண்பார்கள். உப்பு ஒன்றே கரைந்த நீருக்குத் தராசு விடை சொல்லும். ஒரு செடியின் சாற்றிலோ நூறு பொருள்கள் கரைந்திருக்கின்றன. ஆவியாக்கி நிறுத்தால் மொத்த எடை தெரியுமேயன்றி, அதில் நஞ்சு எவ்வளவு என்பது தெரியாது. இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அவர் அதை மூன்று வகுப்புகளில் நடத்தியதாகத் தெரிவித்தார்.

ஆயுர்வேத, சித்த வைத்தியர்களை இதில் பகைவராகக் கருதும் வழக்கமும் மாற வேண்டும். ஊமத்தையும், எட்டியும், வத்சநாபியும் அவர்கள் நூல்களில் சுத்தி செய்தபின்னரே பயன்படுபவை. மருந்து விதிகளின் ‘இ-1’ அட்டவணையில் இவை நச்சுப் பொருள்களாகக் குறிக்கப்பட்டு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கையுடன் விற்கப்பட வேண்டியவை. ‘முன்னோர் அறிந்தது’ என்று சொல்லும் இளைஞனுக்கு, முன்னோர் இதை எத்தனை அச்சத்தோடு கையாண்டனர் என்பதை நல்ல வைத்தியர் ஒருவர் சொன்னால் நம்மைவிட நன்றாக எடுபடும்.

கிராமத்தில் ஒருவன் திடீரெனப் பிதற்றினால், பேய் பிடித்ததென்றோ பித்தமென்றோ கட்டிப்போடுவது இன்றும் நடக்கிறது. வாயும் தோலும் உலர்ந்து, உடல் சுட்டு, முகம் சிவந்து, கண்மணி அகன்று, தள்ளாடி நடந்து, வெறும் காற்றைப் பற்றி இழுத்துக்கொண்டிருப்பவனைக் கண்டால் ஊமத்தையை நினையுங்கள். அவனைக் கட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். கிணறும் சாலையும் அவனுக்குத் தெரியாது. வெளிச்சமும் கூச்சலும் குறைந்த இடத்தில் வைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். வாந்தியெடுக்க வைக்கவோ, தூக்க மாத்திரை கொடுக்கவோ, விழுங்க இயலாத வாயில் நீரோ மோரோ புகட்டவோ வேண்டாம். 108-ஐ அழையுங்கள். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் எந்நேரமும் மருத்துவரும் பிறரும் அழைத்துக் கேட்கலாம்.

நச்சுச் சம்பவங்களை மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது வழக்கமாதலால், உடனிருந்த நண்பர்கள் உண்மையை மறைத்து ஓடிவிடுவதுண்டு. ஊமத்தை போதை மருந்துச் சட்டத்தின் அட்டவணையில் இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். எதை, எப்போது, எத்தனை முறை பருகினார்கள் என்பதை அவர்கள் வாயிலிருந்து பெற்று ஒரு தாளில் எழுதி, எஞ்சிய சாற்றுப் புட்டியையும், செடியின் இலை, காய், விதை ஆகியவற்றையும் காகிதப் பையிலிட்டு, நோயாளியுடனே அனுப்புங்கள். புட்டியை எவரும் கழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.